நளாயினியின் கூடை



இந்த வாரம் வடாம் பிழிவதைப் பற்றி எழுதுவதாகச் சென்ற வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். வடாம் கொஞ்சம் காத்திருக்கட்டும். தபாலில் வந்திருக்கும் ஒரு கடிதத்துக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

எழுதியவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, ஆறு மாதமாக டயாலிஸிஸ் நடக்கிறதாம். "முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போவேன். இப்போது விளக்கேற்றக்கூட நேரம் இல்லை. ஏற்றினாலும் மனம் நிற்பதில்லை. தெய்வம் என்னைக் கைவிட்டதா, நான்தான் தெய்வத்தைக் கைவிட்டேனா? உறவில் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. என் கஷ்டம் என்னோடு போகட்டும்" என்று எழுதியிருக்கிறார்.

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கணவருக்கும் இதே வியாதி. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், கையில் ஊசியும் குழாயுமாக அவர் கட்டிலில் படுத்திருப்பார். நான் தாழ்வாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் அவருக்குத் தனிச் சமையல். காய்களை நறுக்கி, தண்ணீரில் ஊறப் போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். உப்பு குறைவு. குடிக்கும் தண்ணீருக்கும் டம்ளர் கணக்கு. அப்புறம் குழந்தைகளுக்கு வேறு சமையல். எதிர் வீட்டு மாமி, "சாயங்காலம் குழந்தைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பேன் அம்மா" என்று இரண்டு தடவை வந்து கேட்டாள். "வேண்டாம் மாமி, சமாளித்துக்கொள்கிறேன்" என்று இரண்டு தடவையும் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? சின்ன வயதில் பாட்டி சொன்ன நளாயினி கதை மனத்தில் அப்படிப் பதிந்திருந்தது. தொழுநோய் கண்ட கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தாள் நளாயினி. விடிந்தால் அவன் உயிர் போகும் என்று முனிவர் சபித்தபோது, பொழுதே விடியக் கூடாது என்று சூரியனை நிறுத்திவிட்டாள். ஆகையால் கூடையில் இன்னொருவர் கை பட்டால் நம் புண்ணியம் குறைந்துவிடும் என்று என் அசட்டு மனம் தீர்மானம் செய்திருந்தது. பக்தி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். உள்ளே இருந்ததென்னவோ கர்வம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்காக வேண்டிக்கொண்டு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாழ்வாரத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது, பக்கத்துக் கட்டில்காரருடைய மனைவியின் மடியில் என் தலை இருந்தது. மூன்று மாதமாக ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. தன் டிபன் டப்பாவைத் திறந்து என் கையில் வைத்து, "சாப்பிடுங்க அக்கா. ரெண்டு பேரையும் நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

அன்றிரவு அவர் சொன்னார்: "நீ விழுந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எழுந்து வர முடியவில்லை, கையில் குழாய். இந்த வியாதி வந்ததிலிருந்து நான் பட்ட பயம் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாகாது. எனக்காக இனிமேல் பட்டினி கிடக்காதே. யாரையாவது கூப்பிடு."

மறுநாள் நானே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பாட்டியின் கதையில் ஒரு பாதி எனக்குத் தெரியாமலே இருந்தது. மார்க்கண்டேய புராணத்தில் இதே மாதிரி ஒரு கதை, கௌசிகன் என்ற அந்தணனுடைய மனைவியின் கதையாக வருகிறது. அவள் கணவனைத் தோளில் சுமந்து போகிறாள். சாபம் வருகிறது. சூரியன் நிற்கிறது. திகைத்துப்போன தேவர்கள் அத்திரி முனிவரின் மனைவி அநசூயையிடம் போய் முறையிடுகிறார்கள். அநசூயை அந்த வீட்டுக்கு வந்து, அவளிடம் இதமாகப் பேசி, "பொழுது விடியட்டும், உன் கணவனுக்கு நான் பொறுப்பு" என்கிறாள். விடிகிறது. கீழே விழுந்த கணவனை அநசூயை தன் தவத்தால் எழுப்பி, நோயையும் நீக்குகிறாள். சூரியனையே நிறுத்தியவளுக்குக்கூட இன்னொரு பெண்ணின் துணை வேண்டியிருந்தது, பார்த்தீர்களா? வந்தவளை அவள் வாசலோடு திருப்பி அனுப்பவும் இல்லை.

வைத்தீஸ்வரன் கோவிலில் சுவாமியே வைத்தியர் என்பது நம்பிக்கை. அங்கேயும் தையல்நாயகி அம்பாள் தைலப் பாத்திரத்தை ஏந்திக் கூடவே வருகிறாள் என்கிறது தல வரலாறு. தெய்வ வைத்தியருக்கே ஒத்தாசைக்கு ஆள் உண்டு!

இனி, கொஞ்சம் காரியமான பேச்சு. "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பவர்களிடம் குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள். மைத்துனர் வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உட்காரட்டும். பக்கத்து வீட்டுப் பையன் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் விசாரித்து வரட்டும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு டயாலிஸிஸும் அடங்கும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் கொடுத்தனுப்புங்கள்.

பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் வாழைப்பழமும் பஞ்சாமிர்தமும் கொண்டுவருவார்கள். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் மிகுந்தால் இதயமே நின்றுவிடலாம். ஆகையால் பிரசாதமாக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

உங்கள் உடம்பை வருத்தும் நேர்த்திக்கடன் வேண்டாம். இரவில் தூக்கம் வராமல், அழுகை அடங்காமல் போனால், 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். 2022-ஆம் ஆண்டு அரசாங்கம் தொடங்கிய மனநல உதவி அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். என் கணவருக்கு இன்றும் டயாலிஸிஸ் தொடர்கிறது. எனக்கு மடி கொடுத்தவளின் கணவர் அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். அவளுடைய பிரார்த்தனை என்னுடையதைவிட எள்ளளவும் குறைந்ததல்ல. ஆகவே, "நம்பிக்கை இருந்தால் நிச்சயம் பிழைப்பார்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பதிமூன்று நாளும் என்னால் ஆனமட்டும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அவள், "சாமி என்னை விட்டுட்டார்னு நினைச்சேன் அக்கா. வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டுது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சகோதரி, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். தெய்வம் கைவிட்டதா என்று கேட்கிறீர்கள். உங்கள் வாசலுக்கு வந்து நீங்கள் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரை இன்றைக்கே கூப்பிடுங்கள். விளக்கேற்ற நேரம் இல்லையென்றால், அதையும் அவரையே ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு விளக்குத்தானே, யார் ஏற்றினால் என்ன?

கூப்பிட்ட பிறகு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வடாம், அடுத்த வாரம்.