சிங்கி இறாலுக்கு பாஸ்போர்ட் போனால்தான் சட்டமா?

சிங்கி இறால் தெரியும்தானே? நீள மீசை, முதுகெல்லாம் முள்ளு... ஹோட்டல் மெனுவில் 'லாப்ஸ்டர்' என்று விலை எகிறுமே, அதேதான்.

இதன் ஏற்றுமதிக்கு மத்திய அரசு 2003-ல் எடை வரம்பு வைத்தது. நம்ம கரையோரப் பாறைகளில் கிடைக்கும் வகைக்கு 200 கிராம், பெரிதாக வளரும் இன்னொரு வகைக்கு 500, மணலில் கிடக்கும் தட்டைச் சிங்கிக்கு 150. ஒரு முறையாவது குஞ்சு பொரித்துவிட்டுச் சாகட்டும் என்ற கணக்கு.

நல்ல விதிதான். ஆனால் அது ஏற்றுமதிக்கு மட்டும்! கப்பலேற முடியாத குட்டி, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு வருவதை அந்த ஆணை தடுக்காது.

மும்பைக் கடலில் தட்டைச் சிங்கி ஒரு காலத்தில் ஏராளம். இழுவலையில் சினையோடு வாரினார்கள். 1994 வாக்கில் மொத்தமாகப் படுத்துவிட்டது. பண்ணையில் வளர்த்துக்கொள்ளலாமே என்றால், பாறைச் சிங்கியின் குஞ்சு பல மாதம் கடலில் மிதந்துதான் உருப்பெறும். தொட்டியில் அவ்வளவு சுலபமில்லை.

கேரளா 2015-ல் உள்ளூரில் பிடிக்கும் மீன்களுக்கே குறைந்தபட்ச அளவு வைத்தது. ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில் கிடைக்கும் நன்னீர்ச் சிங்கி சினையோடு சிக்கினால், வீட்டுக் குழம்புக்கென்றாலும் ஆற்றில்தான் விடவேண்டும்.

"வலையில் ஏறினதை விட்டால் பிழைக்குமா?" என்பார்கள். உயிரோடு விமானம் ஏறுகிற ஜாதிங்க அது! மீனவரை மட்டும் திட்டாமல், மார்க்கெட் தராசிலும் சோதனை வைக்கலாம். சினைச் சிங்கிக்குத் தனி ருசி என்று கேட்டு வாங்குகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை :-)