இருநூறு மணித்தியாலத்துக்குப் பிறகு

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் திமிலைத்தீவு ஓடுபாதை புதிதல்ல. 1958இல் கட்டியது. எயார் சிலோனின் டக்கோட்டா விமானங்கள் இங்கே வந்து இறங்கிய காலத்தைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1983இல் விமானப்படை பொறுப்பெடுத்தது. 2016 ஜூலையில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து உள்நாட்டு விமான நிலையமாகத் திறந்துவைத்தார். 2018 மார்ச்சில் சிவில் சேவைக்கு விட்டார்கள். சினமன் எயாரின் சின்ன செஸ்னா கரவான் விமானம் வந்து போனது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமான பாதை அது. வாடைக்காற்றுக்கும் தென்மேற்குக் காற்றுக்கும் முகம் கொடுக்கிற திசையில் அளந்து போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பயணிகள் சேவை அங்கே வேர் பிடிக்கவில்லை.

அந்த ஓடுபாதையைப் பற்றி எழுத இன்று காரணம் இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வருகிற ஒவ்வொரு முறையும் கணிதப் பிரிவில் படித்த நாலைந்து பிள்ளைகளாவது 'பைலட் ஆகப் போகிறேன்' என்கிறார்கள். பெற்றோர் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். அண்மையில் ஒருவர் கேட்டார்: "தம்பி, மகன் பைலட்டுக்குப் படிக்கக் கேக்கிறான். வவுணதீவில கிடக்கிற வயலைக் குடுத்தாக் காசு காணும். குடுக்கட்டா?"

"அண்ணன், லைசென்ஸ் எடுத்த பிறகு மகன் எங்க பறக்கப் போறார்?" என்று கேட்டேன்.

அவரிடம் பதில் இல்லை. பயிற்சிப் பாடசாலைக்காரர் அவருக்கு வெள்ளைச் சட்டையையும் தோளில் தங்கக் கோடுகளையும் காட்டியிருந்தார். நடுவில் உள்ள வருடங்களை யாரும் காட்டவில்லை.

வர்த்தக விமானி உரிமத்துக்கு உலகெங்கும் பொதுவான அளவு 200 மணித்தியாலப் பறப்பு. அங்கீகரித்த முழுநேரப் பயிற்சி நெறி என்றால் 150. பதினெட்டு வயதில் எடுக்கலாம். பெரிய விமானத்தின் தலைமை விமானிக்கு வேண்டிய உயர் உரிமத்துக்கு 1,500 மணித்தியாலமும் 21 வயதும் வேண்டும். இருநூறுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் ஆயிரத்து முந்நூறு மணித்தியாலம் கிடக்கிறது. இருநூறு வரைக்கும் காசு கொடுத்துப் பறக்கிறோம். அதற்குப் பிறகு நமக்கு யாராவது சம்பளம் கொடுத்துப் பறக்கவைக்க வேண்டும். அந்த யாராவது இல்லாவிட்டால் உரிமம் ஒரு கடதாசி.

மற்ற நாடுகளில் அந்த யாராவது பெரும்பாலும் சிறிய பிராந்திய விமான நிறுவனம். அமெரிக்காவில் என்வோய், ஸ்கைவெஸ்ட் போன்றவை ஐம்பது, எழுபது இருக்கை விமானங்களைச் சிற்றூர்களுக்கு ஓட்டுகின்றன. அங்கே உதவி விமானியாகச் சேர்ந்து, தலைமை விமானியாகி, பிறகு பெரிய நிறுவனத்துக்கு ஏறுகிறார்கள். என்வோயின் உரிமையாளரே அமெரிக்கன் எயார்லைன்ஸ்தான். அதனால் அங்குள்ளவர்கள் வரிசைப்படி தாய் நிறுவனத்துக்குப் போக ஒப்பந்தமே உண்டு. இந்தியாவில் அலையன்ஸ் எயார், இண்டிகோவின் ஏ.டி.ஆர். பிரிவு. சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற ஏ.டி.ஆர்.-72 விமானத்தின் வலது இருக்கையில் இருக்கும் இளைஞர் நமது பிள்ளைகளின் வயதை ஒத்தவராக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் கடலைக் கடந்து அவர் தன் பதிவுப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

நமது நாட்டின் ஏணியில் நடுப்படிகள் இல்லை. கீழே இரத்மலானைப் பயிற்சிப் பாடசாலைகள் இருக்கின்றன. மேலே கட்டுநாயக்கவில் சிறீலங்கன் எயார்லைன்ஸின் ஏ-320களும் ஏ-330களும் நிற்கின்றன. இடையில் சினமன் எயாரின் ஒரு சில கரவான்கள். ஃபிட்ஸ்எயார் 2022இல் ஏ-320 விமானங்களோடு நேரே வெளிநாட்டுப் பறப்புக்குப் போய்விட்டது. ஹெலிடுவர்ஸ் விமானப்படையின் நிறுவனம்; அதை ஓட்டுகிறவர்கள் விமானப்படை அதிகாரிகள். சிறீலங்கன் ஆள் எடுக்கும்போது புதியவர்களை நேரே எடுத்துப் பயிற்றுவதும் உண்டு, ஆனால் அது ஒவ்வொரு வருடமும் நடக்கிற காரியமல்ல. எடுக்காத வருடங்களில் உரிமம் பெற்ற பிள்ளை என்ன செய்வது? கெட்டிக்காரர் சிலர் போதனாசிரியர் தகுதி எடுத்து அதே பாடசாலையில் அடுத்த தொகுதிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது மருத்துவச் சான்றிதழும் தகுதிகளும் காலாவதியாகும். அவற்றைப் புதுப்பிக்கவும் காசு வேண்டும்.

மணித்தியாலம் என்றால் எல்லாம் ஒரே மணித்தியாலமல்ல. இதைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்துவதுதான் கடினம். விமானியின் பதிவுப் புத்தகத்தில் பல நிரல்கள் உண்டு: ஒற்றை இயந்திரம், பல இயந்திரம், இரவு, கருவிப் பறப்பு, பொறுப்பு விமானியாக, உதவி விமானியாக. அனுபவம் உள்ளவரைத் தேடும் பெரிய நிறுவனங்கள் கூட்டுத்தொகையோடு நின்றுவிடாமல் ஓட்டிய விமானத்தின் எடையையும் பார்க்கின்றன. 5,700 கிலோ என்பது ஒரு கோடு. அதற்கு மேற்பட்ட, இரு விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானத்தில் எவ்வளவு நேரம் பறந்தாய் என்று கேட்பார்கள். கரவான் ஏறக்குறைய நாலு டன், ஒற்றை இயந்திரம். மாலைதீவில் கடல்விமானமாக ஓடும் ட்வின் ஒட்டருக்கு இரண்டு இயந்திரம், ஆனால் அதன் உச்ச எடை 5,670 கிலோ. கோட்டுக்கு 30 கிலோ கீழே நின்றுவிடுகிறது. ஏ.டி.ஆர்.-72 இருபத்திரண்டு, இருபத்துமூன்று டன். அந்தப் படியில் கால் வைத்தவருக்கு எழுபத்தெட்டு டன் ஏ-320 தூரமில்லை.

இதனால் சின்ன விமானம் ஓட்டுவது தரம் குறைந்த வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் மதிப்பு அதற்கு நேர்மாறானது. நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய கரவான் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மிதவைக்குள் மடங்கும் சில்லுகள் அதில் உண்டு. ஓடுபாதையில் சில்லை இறக்க மறந்தால் மிதவை தேய்ந்து விமானம் நிற்கும். ஆட்கள் பெரும்பாலும் தப்புவார்கள். தண்ணீரில் சில்லை மடக்க மறந்தால் நீர் அதைப் பிடித்து இழுக்க, விமானம் தலைகீழாகக் கவிழும். ஆகவே ஒவ்வொரு இறக்கத்திலும் விமானி வாய்விட்டுச் சொல்லுகிறார்: தண்ணீரில் இறங்குகிறேன், சில்லு மேலே. தனியாக இருந்தாலும் சொல்லுகிறார். பயணப்பையோடு பயணியையும் தராசில் ஏற்றி, யார் முன்னால், யார் பின்னால் என்று இருத்துகிறவரும் அவர்தான். மாரியில் தாழ்ந்த முகில், வாவிக்கு மேல் கூட்டமாய் எழும் நீர்க்காகங்கள், சடுதியாக வந்து மறைக்கும் மழை, இவற்றுக்கு நடுவே இறங்கவா திரும்பவா என்று முடிவெடுக்கப் பழகிய ஒருவர் பெரிய விமானத்துக்குக் கொண்டுபோவது சிறிய சொத்தல்ல.

கீழ்ப் படியில் நிற்கும் விமானியைப் பற்றிய கேள்வி அமெரிக்காவிலும் ஒரு பெரும் சாவுக்குப் பிறகுதான் எழுந்தது. 2009 பெப்ரவரி 12 இரவு, கொல்கன் எயார் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது முன்னே தள்ள வேண்டிய பிடியைத் தலைமை விமானி பின்னே இழுத்தார். உதவி விமானி வேலைக்கு வருவதற்காக சியாட்டிலிலிருந்து நாட்டின் மறு கரைக்கு இரவு முழுக்கப் பயணித்திருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் போராடி, 2010இல் சட்டம் வந்தது: 2013இலிருந்து பயணிகள் விமானத்தில் உதவி விமானிக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலம் வேண்டும். ஆனால் அந்த இரண்டு விமானிகளுக்கும் ஏற்கெனவே அதைவிட அதிகம் இருந்தது. பயிற்சியும் களைப்பும் சம்பளமும்தான் அங்கே கேள்வி. பிறகு ஆள் தட்டுப்பாடு வந்தபோது அதே பிராந்திய நிறுவனங்கள் சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தின. கீழ்ப் படியில் நிற்பவரை மதிக்காத எந்த நாட்டிலும் மேல் படி பாதுகாப்பாக இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2022இல் நமக்கு நடந்ததைப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு இருநூறு ரூபாய் அளவில் இருந்தது, மே மாதமளவில் 360 ஆனது. 2023 ஜனவரியிலிருந்து வருமான வரி 36 சதவீதம் வரை ஏறியது. அனுபவமுள்ள விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை குட்டி, கடன், எல்லாருக்கும் உண்டு. குறை வேறு இடத்தில். மேலே வெற்றிடம் வரும்போது ஏறிவர நடுவில் ஆட்கள் இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் மணித்தியாலத்தோடு தயாராக நிற்கும் ஒரு தொகுதியை இந்த நாடு வளர்க்கவே இல்லை.

மாலைதீவைப் பார்க்கும்போது மனம் நோகிறது. ஐந்து இலட்சம் அளவு சனத்தொகை. அங்கே அரச நிறுவனமும் மன்ரா எயாரும் தீவுகளுக்கிடையே இரட்டை இயந்திர விமானங்களை ஓட்டுகின்றன. ட்ரான்ஸ் மோல்டிவியனிடம் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட ட்வின் ஒட்டர்கள். கடல் பிரிக்கிறது, அவர்களுக்கு வேறு வழியில்லை என்பது சரிதான். நமக்கு ரயில் உண்டு, பஸ் உண்டு. ஆனாலும் இரவு முழுக்கப் பிரயாணம் செய்து கொழும்பில் மருத்துவரைப் பார்த்து, மறு இரவே திரும்புகிற இருதய நோயாளியை நமது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏ.டி.ஆர். ஒன்றுக்கு அது முக்கால் மணித்தியாலம். அப்படியொரு சேவை நமக்கு இல்லாமல் போனதற்குப் போரும் ஒரு காரணம்: 1998 செப்டம்பர் 29ஆம் திகதி லயன் எயாரின் அன்டனோவ் விமானம் பலாலியிலிருந்து புறப்பட்டு மன்னார்க் கடலில் 55 பேரோடு விழுந்தது. உள்நாட்டுப் பறப்பு என்றாலே பயம் என்ற நினைவு அப்படித்தான் வந்தது. போர் முடிந்து இத்தனை வருடம் போன பிறகும் அந்தக் காரணத்தையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆட்கள் ஏறாத சேவையை எந்தத் தனியார் நிறுவனமும் ஓட்டாது; அதை நான் ஏற்கிறேன். இந்தியா 2017இல் உடான் திட்டத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். ஒரு மணித்தியாலப் பறப்பின் பாதி இருக்கைகளை 2,500 இந்திய ரூபாய் அளவில் விற்கச் சொல்லி, மூன்று வருடத்துக்கு நட்டத்தை அரசு ஈடுசெய்தது. சில வழித்தடங்கள் மானியம் முடிந்ததும் நின்றன. சேலத்துக்கு 2018இல் தொடங்கியது இடையில் நின்று 2023இல் திரும்பவும் வந்தது. அப்படி விழுந்து எழும்பித்தான் சேவை நிலைக்கும். இரத்மலானை, திருகோணமலை, மட்டக்களப்பு, பலாலி என்று ஒரு வட்டத்தில் ஒரேயொரு ஏ.டி.ஆர். மூன்று வருடம் ஓடட்டும். நோயாளியும் பாசிக்குடாவுக்கு வரும் பயணியும் பயன் பெறுவார்கள். கூடவே வலது இருக்கையில் ஒரு பத்துப் பதினைந்து இளைஞர்கள் மணித்தியாலம் சேர்ப்பார்கள். அந்த இருக்கைகளுக்குக் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பிள்ளைகளை எடுக்க வேண்டும் என்று நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வாய் திறந்து கேட்க வேண்டும்.

அது வரும்வரை, வயலை விற்க நினைக்கும் பெற்றோருக்குச் சில வார்த்தை. பிள்ளையின் ஆசையை மறிக்காதீர்கள். முதலில் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் தர மருத்துவச் சோதனையைச் செய்யுங்கள். நிறக்குருடு போன்ற ஒன்று இருந்தால் சிறு செலவில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தை இப்போதே தொடங்குங்கள். சர்வதேச அளவுகோலில் நாலாம் மட்டம் இல்லாமல் வெளிநாட்டுப் பறப்பில் வானொலியைத் தொட விடமாட்டார்கள், அந்த மட்டத்தில் நிற்பவரை மூன்று வருடத்துக்கொருமுறை திரும்பச் சோதிப்பார்கள். பிறகு பயிற்சிப் பாடசாலைக்குப் போய், கடைசியாக உரிமம் எடுத்த தொகுதியில் எத்தனை பேர் இன்று சம்பளத்துக்குப் பறக்கிறார்கள், எங்கே பறக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் காணி உறுதியை வெளியே எடுக்காதீர்கள்.