விடைக்கு முந்திய வரிகள்

கணக்கின் விடை சரியாயிருந்தால் போதும், அது வந்த வழியைப் பற்றி விசாரிப்பது வீண் சிரமம் என்னும் அபிப்பிராயம், நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்லும் பரீட்சைகள் பெருகிய பிறகு, பெற்றோரிடத்திலும் உபாத்தியாயர்கள் சிலரிடத்திலும் வேரூன்றிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அது பொருந்தாத அபிப்பிராயம் என்றே நான் கருதுகிறேன்.

எல்லோரும் ஒரு காலத்தில் போட்டுப் பார்த்த வயதுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தந்தையின் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு. 12 ஆண்டு சென்றால் இரண்டு மடங்காகும். இருவருக்கும் இப்போது என்ன வயது? மகன் வயதை அ என்று வைத்தால் தந்தைக்கு 3அ. ஆகவே 3அ + 12 = 2(அ + 12). அடைப்பை நீக்கினால் 3அ + 12 = 2அ + 24. இருபுறமும் 2அ-வையும் 12-ஐயும் கழித்தால் அ = 12. மகனுக்கு 12, தந்தைக்கு 36. பன்னிரண்டு ஆண்டில் 24-ம் 48-ம் ஆகிவிடுவதால் விடை சரியே.

இதே கணக்கில், அடைப்பை நீக்கும்போது அ-வை மட்டும் 2-ஆல் பெருக்கிவிட்டு 12-ஐ அப்படியே இறக்கி எழுதும் பையனுக்கு அ = 0 என்று வருகிறது; அதாவது, இன்று பிறந்த பிள்ளைக்கு இன்றே பிறந்த தகப்பனார்! மகன் வயதோடு 12-ஐக் கூட்ட மறந்து 3அ + 12 = 2அ என்று எழுதும் இன்னொருவனுக்கோ விடை −12; அவன் கணக்குப்படி மகன் பிறப்பதற்கே இன்னும் 12 ஆண்டு இருக்கிறது. இரண்டும் நகைப்புக்குரிய விடைகள்தாம். ஆயினும் முதலாமவனுக்கு அடைப்புக்குறியின் தாத்பரியம் விளங்கவில்லை; இரண்டாமவனுக்கு இயற்கணிதம் நன்றாகவே வருகிறது, கேள்வியை நிதானமாகப் படிக்கும் பழக்கந்தான் இல்லை. விடையை மாத்திரம் பார்த்து இருவருக்கும் சைபர் போடுகிற உபாத்தியாயருக்கு, யாருக்கு எதைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது என்பது எப்படித் தெரியும்?

வரி வரியாக எழுதுவது என்றால், ஒன்றன்கீழ் ஒன்றாக எதையாவது எழுதி நிரப்புவது என்று அர்த்தமல்ல. 'இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் போனால் கழித்தல்' என்னும் சூத்திரத்தை மந்திரம்போல் உருப்போட்ட பிள்ளைகள் நம் வகுப்புகளில் ஏராளம். எண் எதுவும் தானாக எழுந்து பக்கம் மாறுவதில்லை. தராசின் இரு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுப்பதுபோல் இருபுறமும் ஒன்றையே கழிக்கிறோம், அவ்வளவே. இந்தக் காரணம் மனத்தில் பதியாதவன், 3அ = 12 என்ற இடத்துக்கு வந்ததும் அந்த 3-ஐயும் கழித்தலாக்கி அ = 9 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான். 8-ம் 4-ம் கூட்டி மூன்றால் பெருக்கச் சொன்னால், 8 + 4 = 12 × 3 = 36 என்று சங்கிலியாகக் கோத்து எழுதுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 1557-ஆம் ஆண்டில் ராபர்ட் ரெக்கார்ட் என்னும் வேல்ஸ் நாட்டவர், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைக் காட்டிலும் சமமானவை வேறில்லை என்று சொல்லி அமைத்த சமக்குறி, 'அடுத்தபடியாக' என்று காட்டும் வெறும் அம்புக்குறியாகத் தாழ்ந்துவிடுகிறது. விடை 36 என்பது சரிதான்; ஆனால் எழுதியது பொய்.

மற்றொரு பக்கத்திலும் அநியாயம் உண்டு. புத்திசாலியான பெண் ஒருத்தி, இருவர் வயது வித்தியாசம் என்றும் மாறாது, அது இப்போது மகன் வயதில் இரு மடங்கு, 12 ஆண்டு கழித்து மகன் வயதுக்குச் சமம், ஆகவே அந்தப் பன்னிரண்டே மகனின் இன்றைய வயது என்று எழுத்தொன்றையும் துணைக்கு அழைக்காமல் முடித்துவிட்டால், புத்தகத்தில் உள்ள வரிகள் இல்லை என்று அவளுடைய மார்க்கைக் குறைப்பது கொடுமை. காரணம் கூறப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

வழியை எழுதச் சொன்னால் உடனே இராமானுஜனைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். காகிதத்துக்கு வசதியின்றிச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டுமே நோட்டில் குறித்தார் அவர் என்பது உண்மை. அந்த முடிவுகளுக்கு வழி காட்டி புரூஸ் பெர்ன்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வெளியிட்ட ஐந்து பாகங்கள் 1985 முதல் 1998 வரை வந்தன என்பதும், 1913-இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அந்த மகாமேதை கூறியது பிழையாக முடிந்தது என்பதும் அதே அளவு உண்மை.

இப்போது கைப்பேசியில் கணக்கைப் படம் பிடித்தால் வரிகள் அத்தனையும் கணத்தில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றை அழகாகப் பிரதி செய்கிறார்கள். ஆகையால் வரிகளைப் பார்ப்பதும் இனிமேல் போதாது. உபாத்தியாயர்களையும் பெற்றோரையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நோட்டைத் திருத்தும்போது தவறு தொடங்கிய வரியின்கீழ்க் கோடிடுங்கள், சரியாக வந்த கணக்கிலும் நடுவே ஏதேனும் ஒரு வரியைத் தொட்டு, 'இது எப்படி வந்தது?' என்று கேளுங்கள். பிள்ளை தன் வார்த்தையில் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.