இரைச்சலை அளக்கச் சொன்னது குற்றமா?

மின்கம்பி வழியே இணையம் தரும் திட்டம் அமெரிக்காவில் ஏன் படுத்துப்போனது என்று கேட்டால், இன்றும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் போட்ட கூச்சல்தான் காரணம். தங்கள் பொழுதுபோக்குக்காகக் கிராமத்துக்கு வரவிருந்த இணையத்தைக் கெடுத்துவிட்டார்கள்." சிற்றலை வானொலியைக் காது கொடுத்துக் கேட்ட எவராலும் இதை ஏற்க முடியாது. இந்தக் குற்றச்சாட்டின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"கம்பி ஏற்கெனவே வீடுவரை வந்திருக்கிறது. அதிலேயே இணையத்தையும் அனுப்பினால் என்ன?"

அந்தக் கம்பி 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக இழுக்கப்பட்டது. இணையத் தகவலோ 1.7 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் போகிறது. கேபிள் டி.வி. கம்பிக்கு உலோக உறை உண்டு. தொலைபேசிக் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். அதனால் அலை பெரிதாக வெளியே கசிவதில்லை. கம்பத்துக்குக் கம்பம் இடைவெளிவிட்டுத் திறந்தவெளியில் ஓடும் மின்கம்பிக்கு இந்த இரண்டு காப்பும் கிடையாது. உயர் அதிர்வெண் அலையை அதில் செலுத்தினால், தெரு நெடுகிலும் ஆன்டெனா கட்டியதாகத்தான் ஆகும். அது கசியும் இடமோ ஹாம்கள் பேசும் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை. வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டும் இந்த அலைகளுக்கு மாற்றாக இயற்கையில் வேறொன்று இல்லை.

"கசிவு சட்ட வரம்புக்குள்தான் இருந்தது."

விவகாரத்தின் மையமே இந்த வரம்புதான். எப்.சி.சி. எனப்படும் தொலைத்தொடர்பு ஆணையம் 2004 அக்டோபர் 14 அன்று இத்திட்டத்துக்கு விதிகளை வகுத்தது. வரம்பு, 30 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 30 மைக்ரோவோல்ட். ஆனால் அருகில் நின்று அளந்துவிட்டு, 30 மீட்டரில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தொலைவு பத்து மடங்கானால் அலை 40 டெசிபல் குறையும், அதாவது நூறில் ஒரு பங்காகும் என்பது ஆணையத்தின் கணக்கு. மின்கம்பி விஷயத்தில் குறைவது ஏறக்குறைய 20 டெசிபல்தான், பத்தில் ஒரு பங்குதான் என்று ஹாம்களின் தேசிய அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். ஆதாரங்களை முன்வைத்தது. 3 மீட்டரில் 3,000 மைக்ரோவோல்ட் இருந்தால், ஆணையத்தின் கணக்குப்படி 30 மீட்டரில் அது 30 ஆகிச் சட்டத்துக்குள் வந்துவிடும். உண்மையில் 300 இருக்கக்கூடும்; அது வரம்பைப் போல் பத்து மடங்கு.

அதே 2004 ஏப்ரலில், அரசின் இன்னொரு துறையான என்.டி.ஐ.ஏ. தன் ஆய்வை வெளியிட்டது. பலவீனமான சமிக்ஞையைக் கேட்கும் நிலையங்களுக்கு 460 மீட்டர் தொலைவுவரை இடையூறு நேரலாம் என்றது அது. விஷயம் நீதிமன்றம் போனது. 2008 ஏப்ரல் 25 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு தவறுகளைச் சுட்டியது: ஆணையம் தான் சார்ந்திருந்த ஆய்வுகளின் பகுதிகளை மறைத்துவிட்டது, 40 டெசிபல் கணக்குக்குத் தக்க காரணமும் சொல்லவில்லை. 2011இல் ஆணையம் அதே எண்ணைத் தக்கவைத்துக்கொண்டது உண்மை. ஆனாலும் இடையூறு நேரும் அலைவரிசைகளில் அலையைத் தணிக்கக் கருவிகளுக்கு இருக்க வேண்டிய திறனை 20 டெசிபலிலிருந்து 25ஆக உயர்த்தியது. வெறும் கூச்சலுக்காக இது நடக்குமா?

"அவர்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரிகள்."

மோட்டரோலா நிறுவனம் உயர் அழுத்தக் கம்பியை விட்டுவிட்டு, டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுவரையிலான கம்பியில் மட்டும் தகவலை அனுப்பியது. ஹாம் அலைவரிசைகளையும் விலக்கிவைத்தது. அந்த முறையை ஏ.ஆர்.ஆர்.எல். வரவேற்றது. ஆக, அவர்கள் எதிர்த்தது இணையத்தை அல்ல, கவனமில்லாத வடிவமைப்பை. இன்னொன்றையும் கவனியுங்கள். விமானப் போக்குவரத்துக்குரிய சில அலைவரிசைகளில் இந்த இணையம் நுழையவே கூடாது என்று விலக்கியது ஆணையமேதான். இடையூறே இல்லை என்றால் அந்த விலக்கு எதற்கு?

"செல்போன் காலத்தில் ஹாம் ரேடியோ யாருக்குத் தேவை?"

விதிகள் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியது. பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அப்போது தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசிகள் செயலிழந்த நேரத்தில், தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்தி அவர்களின் சிற்றலை வழியாகத்தான் பெருநிலப்பரப்பில் தவித்த உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு கத்ரீனா புயலில் அமெரிக்காவும் இதையே கண்டது. இத்தகைய குரல்கள் பலவீனமாகத்தான் வந்து சேரும். கேட்கும் முனையில் இரைச்சல் ஏறிவிட்டால், பேசுபவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயனில்லை.

"கிராமங்களுக்குக் கிடைக்கவிருந்த இணையம் போய்விட்டது."

கம்பியில் போகப்போக அலை தேய்ந்துவிடும். வழிநெடுக அதைப் புதுப்பிக்கும் கருவிகளை மாட்டிக்கொண்டே போக வேண்டும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் கிராமத்தில்தான் அந்தச் செலவு அதிகம். அதனால் பெரிய முயற்சிகள் சின்சினாட்டி, டாலஸ் போன்ற நகரங்களில் நடந்தன. ஊர் முழுக்க இந்தச் சேவையைத் தந்து பெயர்பெற்ற வர்ஜீனியாவின் மனாசஸில், 2010இல் நகர நிர்வாகமே கடையைச் சாத்தியபோது மிஞ்சியிருந்த வாடிக்கையாளர்கள் சுமார் 500 பேர். கேபிள், டி.எஸ்.எல்., கண்ணாடி இழை ஆகியவற்றின் வேகத்தோடு அதனால் போட்டியிட முடியவில்லை. அதை வீழ்த்தியது சந்தை.

ஹாம்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரைச்சலை உண்டாக்குபவர் அதை நேர்மையாக அளந்து காட்ட வேண்டும். விதிப்படி, இடையூறு செய்யும் கருவியைச் சரிசெய்வது அதை இயக்குபவரின் பொறுப்பு. நடைமுறையிலோ பாதிக்கப்பட்டவர்தான் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாக அலைந்து புகாரை நிரூபிக்க வேண்டியிருந்தது. மின்கம்பி இணையம் போய்விட்டாலும், மலிவான எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் சூரிய மின்சார இன்வெர்ட்டர்களும் அதே சிற்றலையில் இரைச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. ஆற்றில் சாயக்கழிவை விடும் ஆலையிடம் கேட்கும் கேள்வியை இவற்றைச் செய்து விற்பவர்களிடமும் கேட்டாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டவர்கள்மீது பழி போடுவது நியாயமில்லை.