குடும்பமும் சட்டமும்: பள்ளி வாசலும் இடுப்புத் துப்பாக்கியும்

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, வழக்கமாக வரும் பாகப்பிரிவினை, வாரிசுச் சான்றிதழ், ஞானஸ்நான ஏட்டில் பெயர்த் திருத்தம் ஆகியவற்றினின்றும் முற்றிலும் வேறுபட்டது. எழுதியவர் ஒரு பாட்டியார். அவருடைய மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறி, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, மனைவி மக்களோடு வாழ்ந்து வருகிறார். அம்மையார் அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். மகன் நாள்தோறும் சட்டைக்குள் மறைத்த கைத்துப்பாக்கியுடன் வெளியே செல்வதையும், அதே கோலத்தில் ஆறு வயதுப் பேரனைப் பங்குப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதையும் கண்டு திடுக்கிட்டிருக்கிறார். கேட்டதற்கு, "இங்கே இதற்கு உரிமை உண்டம்மா, உரிமம்கூடத் தேவையில்லை" என்று மகன் சொன்னாராம். "அது உண்மைதானா? கோவில் வளாகத்திலும் செல்லுமா?" என்பதே அம்மையாரின் கேள்வி. கடிதத்தின் கடைசியில் வேறொரு செய்தியும் உள்ளது. அதற்குப் பின்னர் வருவோம்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலே குற்றம். வங்கி வாசலிலும் காவல் நிலையத்திலும் அன்றி அதைக் கண்ணால் காணாதவர்களே நம்மில் பெரும்பாலோர். ஆகையால் அம்மையாரின் திகைப்பு நமக்கு நன்கு விளங்குகிறது. எனினும் அந்நாட்டு வழக்கத்தைப் பழிப்பது இப்பகுதியின் வேலையன்று. சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம்.

அமெரிக்காவில் இரண்டு சட்டங்கள் ஒருங்கே ஆட்சி செய்கின்றன. ஒன்று நாடு முழுமைக்குமான கூட்டரசின் சட்டம். மற்றொன்று அந்தந்த மாநிலத்தின் சட்டம். மகனார் சொன்னது இரண்டாவதைப் பற்றி. அந்த அளவில் அது பொய்யன்று. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், இருபத்தொரு வயது நிறைந்து, வேறு சட்டத் தடை இல்லாதவர் எவரும் உரிமம் பெறாமலே கைத்துப்பாக்கியைப் பொது இடங்களில் எடுத்துச் செல்லலாம். ஆனால் முதலாவது சட்டத்தை அவர் மறந்துவிட்டார், அல்லது அறியவேயில்லை.

அச்சட்டத்தின் கதை டெக்சாஸிலேயே தொடங்குகிறது. பள்ளியைச் சுற்றிய பகுதிக்குள் துப்பாக்கி வைத்திருத்தலைக் கூட்டரசுக் குற்றமாக்கி 1990ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றிற்று. 1992 மார்ச் 10ஆம் நாள், சான் அன்டோனியோ நகரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் .38 ரகக் கைத்துப்பாக்கி ஒன்றையும் ஐந்து தோட்டாக்களையும் மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தான். அதை வேறொருவனிடம் சேர்த்தால் 40 டாலர் கூலி என்று பேச்சாம். பிடிபட்டான், ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995இல், நீதிபதிகள் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அச்சட்டமே செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பையன் செய்தது சரியென்பது அதன் பொருளன்று. மாநிலங்களுக்கு இடையிலான வாணிகத்தை ஒழுங்கு செய்யக் காங்கிரசுக்கு உள்ள அதிகாரத்தைக் கொண்டு இயற்றிய சட்டம் அது. பள்ளியில் ஒருவன் துப்பாக்கி வைத்திருப்பது வாணிகமா என்று கேட்டார்கள் நீதிபதிகள். காங்கிரசு விடவில்லை. மாநிலங்களுக்கு இடையே வாணிகத்தில் சென்றுவந்த துப்பாக்கி என்று ஒரு தொடரைச் சேர்த்து, 1996இல் அச்சட்டத்தை மீண்டும் நிலைநிறுத்தியது. ஏறத்தாழ எல்லாத் துப்பாக்கியும் ஏதேனும் ஒரு மாநிலத்தில் செய்யப்பட்டு மற்றொன்றில் விற்கப்படுவதுதானே! வக்கீல்களின் சாமர்த்தியத்தை நாம் வியக்கலாம். சட்டம் இன்றுவரை நடைமுறையில் உள்ளது.

அது சொல்வது இது: பள்ளி வளாகத்திலோ, வளாகத்தின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள்ளோ, அது பள்ளிப் பகுதியென்று அறிந்தோ, அறிந்திருக்கத் தக்க காரணம் இருந்தோ, துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. பள்ளி என்பது அரசுப் பள்ளி, பங்குப் பள்ளி, தனியார் பள்ளி மூன்றையும் குறிக்கும் என்று சட்டமே பெயர் சொல்லிக் கூறுகிறது. எனவே "இது கோவிலைச் சேர்ந்த பள்ளி, அரசுக்கு இதில் என்ன?" என்று எவரும் வாதாட இயலாது. தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் தரும் பள்ளிகளுக்கே இது பொருந்தும். கல்லூரிகளின் கதை வேறு.

ஆயிரம் அடியென்றால் ஏறக்குறைய 305 மீட்டர். கோவில் வாசலில் நின்று சப்பரம் தெருக்கோடி திரும்பும் வரை நடந்து பாருங்கள். அவ்வளவு தொலைவு இருக்கலாம். ஓர் ஊரில் பத்துப் பள்ளிகள் இருந்தால், ஒவ்வொன்றையும் சுற்றி அத்தகைய வட்டம் ஒன்று வரைந்தால், வண்டியில் செல்பவர் கடைக்குப் போய்வருவதற்குள் எத்தனை வட்டங்களைக் கடப்பார்!

இதனால்தான் சட்டத்தில் விலக்குகளும் உண்டு. வட்டத்திற்குள் இருந்தாலும், பள்ளி வளாகத்தைச் சேராத தனியார் நிலத்தில், அதாவது தம் சொந்த வீட்டில், வைத்திருப்பதைச் சட்டம் தடுக்காது. காவல் துறையினருக்கும், பள்ளியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட காவலருக்கும் விலக்குண்டு. தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டிக்குள் வைத்து எடுத்துச் சென்றாலும் குற்றமில்லை. இவற்றினும் முக்கியமானது, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே, தகுதியை ஆராய்ந்து பார்த்தபின் வழங்கிய உரிமத்தை உடையவருக்கான விலக்கு.

இங்கேதான் மகனார் சறுக்குகிறார். உரிமம் தேவையில்லை என்று மாநிலம் சொன்னது உண்மை. ஆனால் தேவையில்லை என்று சொல்வதும் உரிமம் தருவதும் ஒன்றல்ல. உரிமமில்லாமல், தோட்டா நிரப்பிய துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வண்டி ஓட்டிச் செல்பவர், மாநிலத்தின் கண்ணில் குற்றமற்றவர். கூட்டரசின் கண்ணில் நாள்தோறும் இருமுறை குற்றம் புரிபவர். டெக்சாஸில் உரிமம் கட்டாயமன்று என்றான பின்பும், நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பில் அமர்ந்து, சுட்டுக்காட்டித் தேர்ந்து, பலர் உரிமம் பெற்றுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப் பெற்ற உரிமமும் டெக்சாஸ் பள்ளிகளின் வட்டத்திற்கு மட்டுமே கவசம். விடுமுறையில் அண்டை மாநிலத்துக்குச் சென்றால், அந்த மாநிலம் அவ்வுரிமத்தை மதித்தாலும், கூட்டரசுச் சட்டத்தின் சொற்கள் பள்ளி இருக்கும் மாநிலம் தந்த உரிமத்தையே கேட்கின்றன.

உரிமம் இருந்தால் பள்ளிக்குள் செல்லலாமா என்றால், டெக்சாஸில் அதுவும் கூடாது. பள்ளிக் கட்டடத்துக்குள், அது அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், பள்ளியின் எழுத்து மூலமான அனுமதியின்றித் துப்பாக்கியுடன் நுழைவது இரண்டு முதல் பத்தாண்டு வரை சிறைக்குரிய பெருங்குற்றம். வண்டி நிறுத்துமிடமும் நடைபாதையும் 'கட்டடம்' என்பதில் சேரா. ஆதலால் உரிமம் பெற்ற தந்தை வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பலாம். ஆசிரியரைக் காண உள்ளே ஓரடி வைத்தாலோ குற்றவாளி. பள்ளி நடத்தும் விளையாட்டு விழா மைதானத்தில் நடந்தால் மைதானமும் தடைக்குள் வந்துவிடும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு பள்ளி அறையில் நடந்தால்? கோவில் பழுதுபார்க்கப்படும்போது பள்ளி மண்டபத்தில் திருப்பலி நடந்தால்? கோவிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமைந்த பங்குகளில் இவை வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல.

மாநிலத்துக்கு மாநிலம் இவ்விதிகள் மாறுவதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா, உரிமம் பெற்றவருக்கும் பள்ளி வளாகத்தில் இடமில்லை என்று 2015இல் சட்டத்தை இறுக்கியது. யூட்டா மாநிலத்தில் உரிமம் உடையவர் பள்ளிக்குள்ளும் கொண்டு செல்லலாம். டென்னசியின் நாஷ்வில் நகரில் 2023 மார்ச் 27 அன்று ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டனர். அதற்கடுத்த ஆண்டு அம்மாநிலம் ஆசிரியர்களே பயிற்சி பெற்று மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழிசெய்தது. எந்த ஆசிரியரிடம் உள்ளதென்பது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. காக்க வேண்டுமென்ற தவிப்பு நமக்குப் புரிகிறது. எனினும் நம் பிள்ளையின் ஆசிரியை கைப்பையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்கவும் உரிமையில்லாத நிலையை நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

திருச்சபையின் மேய்ப்பர்கள் வாளாவிருக்கவில்லை. 2014இல் ஜார்ஜியா மாநிலம் துப்பாக்கிக்கு விதிகளைத் தளர்த்தியபோது, அட்லாண்டா பேராயராயிருந்த வில்டன் கிரெகரி தம் கோவில்களிலும் பள்ளிகளிலும் அதைத் தடைசெய்தார். டெக்சாஸில் 2016 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை வெளிப்படையாகவே அணிந்து செல்லலாம் என்றானபோது, டல்லஸ் ஆயராயிருந்த கெவின் ஃபாரல் தம் மறைமாவட்டத்தில் அதையும், மறைத்துச் செல்வதையும் விலக்கினார். அந்த ஃபாரல்தான், பின்னர் கர்தினாலாகி, 2025இல் திருத்தந்தை பிரான்சிசின் மறைவை உலகுக்கு அறிவித்தவர். அங்கே இத்தடையை அறிவிக்கும் பலகைக்குக்கூடச் சட்டம் அளவு சொல்கிறது: ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில் அது இருத்தல் வேண்டும். எனவே அம்மையார் தம் மகனிடம், பங்குக் கோவிலின் கதவருகே அப்படியொரு பலகை உண்டா என்று பார்க்கச் சொல்லலாம்.

இச்சட்டங்களால் பயனுண்டா என்று வாசகர் கேட்கக்கூடும். 2025 ஆகஸ்ட் 27 அன்று மின்னியாபொலிஸ் நகரில், பள்ளியாண்டின் தொடக்கத் திருப்பலியில் அமர்ந்திருந்த பிள்ளைகள் மீது, கோவில் சன்னல்கள் வழியே வெளியிலிருந்து சுட்டான் ஒருவன். எட்டு வயதிலும் பத்து வயதிலும் இரு குழந்தைகள் மாண்டனர். அது பங்குப் பள்ளிதான். ஆயிரம் அடி வட்டம் அங்கும் இருந்தது. கொல்லவும் சாகவும் துணிந்தவனை வட்டம் தடுக்காது. இதைக் காட்டியே, நல்லவர் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்று சிலர் வாதாடுகின்றனர். தற்காப்பு உரிமையைத் திருச்சபை மறுத்ததில்லை. அந்தத் தந்தையரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் இவ்விதிகள் கொலைகாரனுக்காக மட்டும் எழுதப்பட்டவையல்ல. மறதியுள்ள தந்தைக்கும் ஆர்வமுள்ள சிறுவனுக்கும் எழுதப்பட்டவை.

இனி அந்தக் கடைசிச் செய்தி. பேரன் ஒரு நாள் பாட்டியின் காதருகே வந்து, அப்பா வண்டியில் எந்த அறையில் அதை வைப்பார் என்பது தனக்குத் தெரியுமென்றும், யாரிடமும் சொல்லக்கூடாதென்றும் சொன்னானாம். பாட்டியும் சொல்லமாட்டேன் என்று வாக்களித்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகும் தூக்கம் வரவில்லை என்று எழுதுகிறார்.

அம்மா, உமது கேள்விகளுள் இதுவே முதன்மையானது. 2023 ஜனவரி 6 அன்று வெர்ஜீனியா மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தாயின் கைத்துப்பாக்கியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, வகுப்பறையில் ஆசிரியையைச் சுட்டான். ஆசிரியை பிழைத்தார். சிறுவன் மீது வழக்கில்லை. தாய் சிறை சென்றார். அந்தத் துப்பாக்கி சட்டப்படி வாங்கப்பட்டதே. டெக்சாஸிலும், பதினேழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எட்டும்படி, தோட்டாவோடு கூடிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைப்பது குற்றம். குழந்தை அதைச் சுட்டு எவருக்கேனும் கொடுங்காயமோ மரணமோ நேர்ந்தால் குற்றத்தின் தரமும் உயரும்.

குழந்தைக்குத் தந்த வாக்கை மீறலாமா என்று தயங்குகிறீர். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் வேறு; ஆறு வயதுப் பிள்ளை காதில் சொன்ன இரகசியம் வேறு. குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அவ்வாக்கு உம்மைக் கட்டுப்படுத்தாது. மகனுக்குச் சட்டம் கற்பிக்கத் தொடங்க வேண்டாம். இந்தப் பக்கத்தை வேண்டுமானால் பிறகு அனுப்பலாம். முதலில் பிள்ளை சொன்னதை அப்படியே சொல்லிவிடும். பையனைக் கடிந்துகொள்ளவேண்டாம் என்றும், அவன் பாட்டியை நம்பிச் சொன்னான் என்றும் சேர்த்துச் சொல்லும். துப்பாக்கியை வைத்துக்கொள்வதும் விற்றுவிடுவதும் மகனுடைய முடிவு. வைத்துக்கொள்வாரானால் வீட்டிலும் வண்டியிலும் சாவியிட்ட பெட்டி வேண்டும். பள்ளிப் பக்கம் செல்வதற்கு முன் மாநில உரிமம் வேண்டும். பள்ளிக்குள்ளும் பங்குக் கோவிலுக்குள்ளும் அது வேண்டாம். தம் ஊர் வக்கீல் ஒருவரையும் பங்குக் குருவையும் அவர் கேட்டுக்கொள்வது நலம்.

அமெரிக்காவில் மக்கள் உள்ள மற்ற வாசகர்களுக்கும் ஒரு குறிப்பு. குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ பெறாமல், வேலை விசாவில் சென்றிருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டரசுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வேட்டை உரிமம் உடையோர் போன்ற சிலருக்கே விலக்கு உண்டு. நண்பர் இரவல் தந்தார் என்பது அங்கே பதிலாகாது.

அம்மையாருக்கு நாம் தனியே அஞ்சலில் மறுமொழி அனுப்பிவிட்டோம், இந்த இதழ் அச்சேறும் வரை காத்திருக்க மனமின்றி.