ஆறிய இன்ஜினைப் பாருங்கள்!

'கொல்லிமலையில் மிளகு, காபி போட்டிருக்கிறோம். மிளகு விற்ற காசில் பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்க நினைக்கிறேன். இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?'
- கொல்லிமலை வாசகர்

காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய்விடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காகவே ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். தேய்ந்த இன்ஜின், ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

ரேடியேட்டர் மூடியை ஆறிய நிலையில் மட்டும் திறக்க வேண்டும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ, அந்த வண்டி வேண்டாம். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினில் சகஜம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப்புகை வந்து நின்றால் தவறில்லை. நீலப்புகை விடாமல் வந்தால், ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கும். அந்த வேலைக்கு என்ன செலவாகும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.

பிறகு, நாலு மூட்டை ஏற்றி மேட்டில் ஓட்டுங்கள். சமதளத்தில் வெறும் வண்டி எதுவும் நன்றாகத்தான் ஓடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின், சேஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.