வாய்தாக்களுக்கு நடுவே வளரும் குழந்தை



மகனோ மகளோ அமெரிக்காவில் குடியிருக்கும் வீடுகள் நம் வாசகர்களில் நிறைய. "அங்கே பிள்ளையை அதட்டினாலே அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய்விடுமாமே" என்ற பேச்சும் அந்த வீடுகளில் அடிக்கடி அடிபடும். அப்படித் தூக்கிக்கொண்டு போகும் குழந்தைக்கு அடுத்த நாள் என்ன ஆகிறது, அடுத்த வருடம் என்ன ஆகிறது என்று விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால், தமிழர்கள் அதிகம் வாழும் கலிஃபோர்னியாவை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

தொடக்கம் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு. குழந்தை அடிபடுகிறது, கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தாலே ஆசிரியர், மருத்துவர், செவிலியர் போன்றோர் அதைத் தெரிவித்தாக வேண்டும். அது சட்டக் கடமை. தெரிவிப்பதெல்லாம் வழக்காவதில்லை, பெரும்பாலானவை விசாரித்த அளவில் முடிந்துவிடுகின்றன. உடனடி ஆபத்து இருந்தாலோ, நீதிபதியின் உத்தரவு கையில் இருந்தாலோதான் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) சமூகப் பணியாளர் குழந்தையை வீட்டிலிருந்து அழைத்துப் போக முடியும். அப்படி அழைத்துப் போனால், விடுமுறை நாள் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். இல்லையென்றால் குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும். மனு போட்டபின் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் முதல் விசாரணை.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இத்தகைய வழக்குகளுக்கென்றே மான்டரே பார்க் நகரில் எடல்மன் குழந்தைகள் நீதிமன்றம் இருக்கிறது. இங்கே ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவரே தீர்மானிக்கிறார். குற்றம் செய்தவருக்குத் தண்டனை கொடுப்பது இந்த நீதிமன்றத்தின் வேலையே இல்லை. அதற்கு வேறு நீதிமன்றம் உண்டு. இந்தக் குழந்தை இந்த வீட்டில் பத்திரமாக இருக்குமா என்ற ஒரே கேள்விதான் இங்கே. வசதியில்லாத பெற்றோருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்திக் கொடுக்கும். குழந்தைக்கும் தனி வழக்கறிஞர் உண்டு. பத்து வயது நிரம்பிய பிள்ளை விசாரணைக்கு வரவில்லை என்றால், அதற்கு முறையாகத் தகவல் சொல்லப்பட்டதா என்று நீதிபதி விசாரித்தாக வேண்டும். தன்னைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் இடத்தில் தானும் இருக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று சட்டமே சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முதல் விசாரணையில் முடிவாவது, குழந்தை தற்காலிகமாக எங்கே தங்குவது என்பது மட்டும். குழந்தை வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தால், 15 நீதிமன்ற நாட்களுக்குள் மனுவில் சொன்னது உண்மைதானா என்ற விசாரணை வர வேண்டும். உண்மை என்று தெரிந்தால் அடுத்த கட்டத்தில், குழந்தையை வீட்டுக்கே அனுப்பிக் கண்காணிப்பதா, வெளியே வைப்பதா என்று முடிவெடுப்பார்கள். பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டுமானால் சாதாரணச் சான்று போதாது, தெளிவான, உறுதியான சான்று தேவை.

பிறகு பெற்றோர் கையில் ஒரு திட்டம் கொடுக்கப்படும். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை, மனநல ஆலோசனை, பிள்ளை வளர்ப்பு வகுப்பு, குழந்தையைப் பார்க்கும் நாட்கள் என்று அது நீளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி திரும்பிப் பார்ப்பார். இந்த வழக்குகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் பெற்றோருக்கு முதலில் கிடைப்பது பொதுவாக ஆறே மாதம். அதற்கு மேற்பட்ட வயது என்றால் பன்னிரண்டு மாதம். முன்னேற்றம் தெரிந்தால் குழந்தை பிரிந்த நாளிலிருந்து 18 மாதம் வரை நீட்டலாம், சில சூழ்நிலைகளில் மட்டும் 24 மாதம். மிகக் கொடிய கொடுமை நடந்த வீடுகளுக்கு இந்த வாய்ப்பையே நீதிபதி மறுக்கலாம். கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வளர்ப்பு இல்லத்தில் கழித்திருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடிக்க அரசு மனு செய்ய வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் சொல்கிறது.

பெரியவர்களுக்கு ஆறு மாதம் ஒரு பருவம் மாறும் நேரம். இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது தன் ஆயுளில் கால் பங்கு. அதற்குள் அது பேசப் பழகிவிடும், வேறொருவரை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிடும். அதனால் கெடு வைப்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கெடுவை ஒரு பக்கம் மட்டும் சுமக்கக் கூடாது. சிகிச்சை மையத்தில் இடம் கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தால் அந்த இரண்டு மாதமும் தாயின் கணக்கில்தான் கழிகிறது. பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் சந்திப்பு நேரம் முடிந்துவிட்டால் "வரவில்லை" என்று எழுதப்படும் அபாயம் இருக்கிறது. ஒவ்வொரு மறு விசாரணையிலும், கவுண்டி போதுமான உதவி செய்ததா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை அக்கறையோடு கையாளும் நீதிபதி கிடைப்பது ஒரு குடும்பத்தின் பாக்கியம். வாய்தா கேட்பவர்களுக்கும் சட்டம் எல்லை வைத்திருக்கிறது: தக்க காரணம் வேண்டும், குழந்தையின் நலனுக்கு அது எதிராகவும் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா முழுவதிலும் குழந்தைகள் பிரிக்கப்படுவதற்கு அதிகம் சொல்லப்படும் காரணம் அடி உதை அல்ல, கவனிப்பின்மை. ஏழ்மையும் கவனிப்பின்மையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். வீடில்லை, பணமில்லை என்பதை மட்டும் காட்டிக் குழந்தையை நீதிமன்றப் பொறுப்பில் எடுக்க முடியாது என்று 2023 முதல் கலிஃபோர்னியச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. இவ்வளவு காலம் கழித்தாவது வந்ததே என்று ஆறுதல் கொள்கிறேன்.

கோப்பில் உள்ள காகிதங்களை மட்டும் வைத்து ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறோமே என்ற கவலை சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப்புக்கு இருந்தது. 1977இல் அவர் ஊர் மக்களிலிருந்தே தன்னார்வலர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்து, குழந்தைக்காகப் பேச நீதிமன்றத்துக்கு வரவழைத்தார். வழக்கறிஞர் மாறலாம், சமூகப் பணியாளர் மாறலாம். ஒரே குழந்தையோடு தொடர்ந்து பழகி, அதன் பள்ளியையும் நண்பர்களையும் அறிந்த ஒருவர் நீதிபதி முன் நிற்பது எத்தனை பெரிய துணை! அந்த ஏற்பாடு பிறகு நாடு முழுவதும் பரவியது.

கெடு முடிந்தும் வீடு சீராகவில்லை என்றால் வருவது கடைசி விசாரணை: தத்து, சட்டப் பாதுகாவலர், உறவினர் வீடு என்று குழந்தைக்கு நிலையான இடம் தேடுவது. பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளையின் சம்மதம் இல்லாமல் தத்து நடக்காது. பெற்றவரோடு உள்ள பாசம் அறுந்தால் குழந்தைக்கு உண்மையிலேயே கேடு என்று காட்ட முடிந்தால், அவரிடம் குறைகள் இன்னும் மிச்சம் இருந்தாலும் உரிமையை அறுக்காமல் விடலாம் என்று 2021இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கலிஃபோர்னியாவில் உங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இப்படி நேர்ந்தால், வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள். குழந்தை பிரிந்த 30 நாட்களுக்குள் உறவினர்களைத் தேடித் தகவல் சொல்வது கவுண்டியின் கடமை. தாத்தா, பாட்டி, சித்தி, மாமா போன்றவர்கள் முன்வந்தால் அவர்களை முதலில் பரிசீலிக்க வேண்டும். பெற்றோர் முதல் விசாரணையிலேயே உறவினர் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் எழுதிக் கொடுத்துவிடட்டும். ஆங்கிலம் சரளமில்லை என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அன்றே கேட்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்